மேலே உட்காருமா, உள்ளே இறங்குமா? – பனியன் பிரிண்டிங்கின் கதை

கல்லூரி விழாவுக்கு அறுபது டி-சர்ட், பழனி பாதயாத்திரைக் குழுவுக்கு நூற்றிருபது, பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் கூடும் நாளுக்கு நாற்பது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திருப்பூரில் பிரிண்டிங் பிரிவிலேயே காலத்தை ஓட்டியவன் என்பதால் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பிரிண்ட் போட்டா நல்லாருக்குங்க?"

கடைக்காரர் ஸ்கிரீன் என்கிறார், சப்ளிமேஷன் என்கிறார், டிடிஜி, டிடிஎஃப் என்று அடுக்குகிறார். கேட்டவருக்குத் தலை சுற்றுகிறது. எது விலை குறைவோ அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். ஆறு மாதத்தில் நெஞ்சில் இருந்த படம் பொருக்கு மாதிரி உதிர ஆரம்பிக்கிறது.

இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவைக்காக வந்தவை. வந்த கதை தெரிந்தால் எது எதற்கு ஆகும் என்பது தானே விளங்கிவிடும். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வண்ணம் துணிக்கு மேலே உட்காருகிறதா, நூலுக்கு உள்ளே இறங்குகிறதா?

சீட்டித் துணியும் சாயவேரும்

துணியில் படம் போடுவதில் நம்மவர்கள் உலகத்துக்கே முன்னோடிகள். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போன சரக்குகளில் சீட்டித் துணியும் ஒன்று. அங்கே அதற்கு அப்படி ஒரு கிராக்கி. காரணம் படத்தின் அழகு மட்டும் இல்லை. எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகவில்லை. அன்றைய ஐரோப்பியர்களுக்குப் பருத்தித் துணியில் அப்படிச் சாயம் பிடிக்க வைக்கத் தெரியாது.

நம் ஆட்கள் செய்தது இதுதான். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். பிறகு சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும், கறுப்பு வரவேண்டிய இடத்தில் இரும்பைப் புளிக்கவைத்து எடுத்த கரைசலையும் எழுதுகோலாலோ மர அச்சாலோ வைப்பார்கள். அதன் பின் துணியைச் சாயவேர் போட்ட கொதிநீரில் இறக்குவார்கள். படிகாரம் பருத்தி இழையைப் பிடித்துக்கொள்ளும், சாயவேரின் சிவப்பு படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும். படிகாரம் படாத இடத்தில் ஏறிய நிறம் அலசி வெயிலில் காயப்போட்டால் போய்விடும். நீலத்துக்கு அவுரி. நீலம் படக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவிடுவார்கள். ஆக, வண்ணம் நூலுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. கையால் தடவினால் படம் இருப்பதே தெரியாது.

இந்தத் துணி தங்கள் நெசவாளர் பிழைப்பைக் கெடுக்கிறது என்று பிரான்ஸ் 1686-லேயே அதைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1700-ல் அச்சிட்ட துணி இறக்குமதிக்குத் தடைச் சட்டம் போட்டது. அதுவும் போதாமல் 1721-ல் இன்னொரு சட்டம் போட்டு, அச்சிட்ட பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே தடுத்தது. அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு நம் சாயம் நின்றது என்றுதான் இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த வழி நிதானமானது. ஒரு துணி முடியப் பல நாள் ஆகும், தண்ணீரும் வெயிலும் தாராளமாக வேண்டும். நாலு நாளில் சரக்கு வேண்டும் என்ற காலம் வந்தபோது வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

பட்டுச் சல்லடை

அந்த வேறு வழி ஜப்பான் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே காகிதத்தை ஒரு வகைக் காயின் துவர்ச் சாறில் ஊறவைத்துக் கெட்டியாக்கி, அதில் பூவும் இலையுமாக வெட்டியெடுத்து, அந்த ஓட்டைகள் வழியாகத் துணியில் பசை தடவும் பழக்கம் நெடுங்காலமாக இருந்தது. நம் வீட்டு வாசலில் ஓட்டைத் தகடு வைத்துக் கோலப்பொடி தூவுகிறோமே, அதே யோசனைதான். வெட்டிய காகிதத்தில் நடுவில் தனியாக நிற்கும் துண்டுகள் விழுந்துவிடாமல் இருக்க மெல்லிய பட்டு இழைகளைக் குறுக்கே ஒட்டினார்கள்.

இழைகளை ஒட்டுவதற்குப் பதிலாக முழு பட்டுத்துணியையே சட்டத்தில் இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்துவிட்டால் என்ன? இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் இதற்கு 1907-ல் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் ஸ்கிரீன் பிரிண்டிங் என்று சொல்வதன் அடிப்படை இதுதான். பட்டு போய் நைலானும் பாலியெஸ்டரும் வந்துவிட்டன. ஆனாலும் அமெரிக்காவில் இன்னும் பலர் 'சில்க் ஸ்கிரீன்' என்றே சொல்கிறார்கள்.

படத்தைக் கையால் வெட்டும் வேலையை ஒளி எடுத்துக்கொண்டது. வெளிச்சம் பட்டால் இறுகும் பசையைச் சல்லடையில் பூசி, மேலே படத்தின் பாசிட்டிவ் ஃபிலிமை வைத்து வெயிலில் காட்டுவது. வெயில் பட்ட இடம் இறுகும். படத்தின் நிழல் விழுந்த இடம் தண்ணீரில் கரைந்து ஓட்டையாகும். எண்பதுகளில் நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடித்த சின்னச் சின்ன ஸ்கிரீன் கடைக்காரர்கள் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடியும் கைக்கடிகாரமுமாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். பனியனுக்கும் ஸ்கிரீன் அப்படித்தான் தயாரானது. அந்தப் பசையில் கலந்த பைகுரோமேட் நல்ல மஞ்சள் நிறமாக இருக்கும், விரலில் படிந்தால் சுலபத்தில் போகாது. அது குரோமிய விஷம் என்பது அந்தக் காலத்தில் அதைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கு யாரும் சொல்லாத சேதி.

உள்ளாடை வெளியே வந்த கதை

டி-சர்ட் என்பது முதலில் உள்ளாடை. அமெரிக்கக் கடற்படை 1913-ல் அதைச் சீருடைக்கு உள்ளே போடும் உடுப்பாகக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் வெயில் தாங்காத வீரர்கள் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதோடு வேலை செய்தார்கள். 1942 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் வந்த வீரரின் பனியன் நெஞ்சில் விமானப்படைப் பயிற்சிப் பள்ளியின் பெயரும் சின்னமும் அச்சிடப்பட்டிருந்தன. நெஞ்சில் எழுத்து ஏறிய பழைய படங்களில் பெயர் பெற்றது அது.

1948-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் டூயி என்பவருக்காக அவர் பெயரையே சிலேடையாக்கி வாசகம் அச்சிட்ட சட்டைகள் வந்தன. அதில் ஒன்று அங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டூயி தோற்றுப்போனார், சட்டை ஜெயித்தது.

அறுபதுகளில் மைக்கேல் வாசிலாண்டோன் என்பவர் ஒரு சுழல் மேடை செய்தார். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி நாலைந்து கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு நிறத்துக்கான ஸ்கிரீன். சட்டையை மாட்டிவிட்டு ஒவ்வொரு நிறமாகச் சுற்றி இறக்கலாம். பந்து உருட்டும் விளையாட்டுக் குழுக்களின் சட்டைக்காகச் செய்த இயந்திரம் அது. 1969-ல் காப்புரிமை கிடைத்தது. பல நிறப் படம் ஒன்றின் மேல் ஒன்று விலகாமல் உட்கார்ந்ததும் டி-சர்ட் வியாபாரம் எங்கேயோ போய்விட்டது.

நம்ம ஊர் டேபிள்

பின்னலாடை இந்தியாவில் முதலில் வேரூன்றியது கல்கத்தாவில். திருப்பூருக்கு அது 1920-களில் வந்தது. அதன் பின் ஐம்பது வருடம் நம் ஊர் செய்தது பெரும்பாலும் வெள்ளை பனியன்தான். நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சலவைப் பட்டறையில் வெளுத்து, தைத்துப் பெட்டி போட்டால் முடிந்தது.

1970-களின் கடைசியில் இத்தாலியிலிருந்து வந்த வியாபாரிகள் நம் வெள்ளை பனியனை டி-சர்ட்டாக வாங்க ஆரம்பித்தார்கள். எண்பதுகளில் அது வெள்ளமாகப் பெருகியது. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. வெறும் வெள்ளை போய்க் கலர் வந்தது, கலர் வந்ததும் நெஞ்சில் படம் கேட்டார்கள். அங்கேதான் பிரிண்டிங் பட்டறைகள் முளைத்தன.

அந்தப் பட்டறையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அறையின் நீளத்துக்கு மேஜை. மேலே பசை தடவியிருக்கும். கட்டிங்கிலிருந்து வந்த நெஞ்சுத் துண்டுகளைப் பெண்கள் வரிசையாகச் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொண்டே போவார்கள். பனியன் துணி இழுத்தால் இழுபடும். ஒட்டும்போது கொஞ்சம் இழுத்துவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும். பின்னாலேயே ஒருவர் ஸ்கிரீன் சட்டத்தை மேஜை ஓரத்து ஸ்டாப்பரில் வைத்து ஸ்குவீஜி இழுப்பார், தூக்குவார், அடுத்த துண்டுக்குப் போவார். ஒரு நிறம் முழு மேஜைக்கும் முடிந்த பிறகு அடுத்த நிறம். ஸ்டாப்பர் ஒரு நூல் விலகினாலும் கண்ணுக்கு வெளியே கண்மணி போய்விடும். தைத்த சட்டையில் அடிப்பதைவிட இப்படித் துண்டில் அடிப்பது வசதி. கெட்டுப்போனால் ஒரு துண்டோடு போகும், சட்டை போகாது.

அப்போது போட்டது பிக்மென்ட் பிரிண்ட். வண்ணப் பொடி, அதைத் துணியோடு பிணைக்கும் பைண்டர், மண்ணெண்ணெயைத் தண்ணீரோடு கலக்கி அடித்த வெண்ணெய் மாதிரியான பசை. தெருமுனையில் நுழையும்போதே மண்ணெண்ணெய் வாசம் பட்டறையைக் காட்டிக் கொடுத்துவிடும். பிரிண்ட் ஆன துண்டுகளைக் கியூரிங் மிஷினில் 150 டிகிரிக்கு மேல் சூட்டில் விட்டால் பைண்டர் இறுகி வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். இது முழுக்க உள்ளே இறங்குவதும் இல்லை, மேலே மெத்தை மாதிரி உட்காருவதும் இல்லை. இழையைச் சுற்றி மெல்லிய பூச்சாக ஒட்டும். வெளிர் நிறத் துணிக்கு அருமை, காற்றும் வியர்வையும் தாராளமாகப் போய் வரும். கறுப்புத் துணியில் மட்டும் மஞ்சளை வைத்தால் மஞ்சள் தெரியாது. கோடையில் இன்னொரு தொல்லை, பசை சல்லடையிலேயே காய்ந்து கண்ணை அடைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிசால் வந்தது

கறுப்புச் சட்டையில் பளீரென்று எழுத்து வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்டபோது வந்தது பிளாஸ்டிசால். பிவிசி பொடியை எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியில் கலந்த கூழ் அது. பிவிசியை இப்படி மென்மையாக்கலாம் என்பதை அமெரிக்காவில் வால்டோ செமன் 1926-லேயே கண்டுபிடித்திருந்தார். பிளாஸ்டிசாலின் பெரிய குணம், சாதாரண வெப்பத்தில் அது காயவே காயாது. ஸ்கிரீனை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து வேலையைத் தொடரலாம். சுமார் 160 டிகிரி சூடு பட்டால்தான் இறுகும். முதலில் வெள்ளை ஒரு கை, அதைச் சட்டென்று சூடுகாட்டி, மேலே வேண்டிய நிறம். கறுப்பில் மஞ்சள் மின்னும்.

பொங்கி எழும் பஃப் பிரிண்ட், தகடு ஒட்டிய ஃபாயில், மினுமினுக்கும் கிளிட்டர், வெல்வெட் மாதிரியான ஃபிளாக் எல்லாம் இந்தக் காலத்து வேடிக்கைகள். ஏற்றுமதியில் தள்ளுபடியானவை காதர்பேட்டைக்கு வந்தன. அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் போயின. ஏதோ ஒரு அமெரிக்கக் கல்லூரியின் பெயரை நெஞ்சில் தாங்கிக்கொண்டு நம் ஆட்கள் மாட்டுக்குத் தட்டு வெட்டிய காட்சி அந்த நாளில் எந்த ஊரிலும் சாதாரணம்.

பிளாஸ்டிசால் முழுக்க மேலே உட்காரும் சாதி. சூடு குறைந்தால் உள்பக்கம் வேகாமல் நின்று, நாலு துவையலில் வெடிக்கும். பிரிண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தால் வேகாதது உடனே கீறும். மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு முழுக்க அடித்தால் ரப்பர் ஷீட்டைக் கட்டிக்கொண்ட மாதிரி வேர்க்கும்.

மென்மையாக்கியில் சேர்ந்த தாலேட் என்ற ரசாயன வகை குழந்தைகளுக்கு ஆகாது என்ற பேச்சு எழுந்தது. 2008-ல் அமெரிக்கா குழந்தைகள் பொருள்களில் சில தாலேட்டுகளுக்கு வரம்பு கட்டியது. அதற்கு முன்னரே 1994-ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடுத்திருந்தது. நம் ஊரில் பரிசோதனைக் கூடங்கள் பெருகியது அதன் பிறகுதான். தாலேட் இல்லாத பிளாஸ்டிசாலும் வந்தது. அதைக் கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது.

கறுப்பிலிருந்து நிறத்தைப் பிடுங்குவது

அடர் துணியிலும் மிருதுவான பிரிண்ட் வேண்டும் என்றவர்களுக்கு டிஸ்சார்ஜ் வந்தது. மேலே நிறம் வைப்பதற்குப் பதில், துணியில் ஏறிய சாயத்தை அந்த இடத்தில் மட்டும் ரசாயனத்தால் அழித்துவிட்டு, அதே பசையில் கலந்த வேறு நிறத்தை அங்கே குடிவைப்பது. தொட்டால் பழைய சீட்டித் துணி மாதிரி வெறும் துணியாகத்தான் இருக்கும்.

ஆனால் எல்லாச் சாயமும் அழிவதில்லை. மயில்நீலம் போன்ற சில நிறங்கள் அசையவே அசையாது. கறுப்பிலும் வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. ஒரு முறை ஒரு நிறுவனத்தின் கறுப்புத் துணி முழு லாட்டும் எங்களிடம் வந்தது. வெள்ளையாக வரவேண்டிய எழுத்து டீத்தண்ணீர் நிறத்தில் வந்து நின்றது. டிஸ்சார்ஜுக்கு ஆகும் சாயம் போடவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த ஆர்டரை நம்பி மேஜையில் நின்ற முப்பது பேருக்கு அந்த வாரம் பாதிக் கூலிதான். முதலில் ஒரு துண்டு அடித்துப் பார்ப்பதை நாங்கள் ஸ்ட்ரைக் ஆஃப் என்போம். அந்த ஒரு துண்டுக்கு எத்தனை பேர் கூலியைக் காப்பாற்றும் வலிமை இருக்கிறது என்று அன்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

கற்பூரம் மாதிரி ஒரு சாயம்

பாலியெஸ்டர் என்ற நூலை 1941-ல் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது சீட்டி அச்சடிப்பவர்களின் கம்பெனி ஒன்றில்தான். பருத்திச் சாயம் எதுவும் பாலியெஸ்டரில் ஏறாது. அதற்கென்று தனிச் சாயம் வந்தது. 1957-ல் பிரான்ஸில் நோயல் தெ பிளாஸ் என்பவர் அந்தச் சாயத்தின் ஒரு குணத்தைப் பயன்படுத்தினார். சூடுபட்டால் அது உருகி நீராகாமல் நேரே ஆவியாகிறது. நம் பூஜைத் தட்டில் கற்பூரம் திறந்து கிடந்தால் தானாகக் குறைகிறதே, அதே குணம்.

படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பாலியெஸ்டர் துணிமேல் வைத்து, 200 டிகிரிப் பக்கம் சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். எத்தனை நிறம் இருந்தாலும் ஒரே அழுத்தம். உதிரவும் செய்யாது, வெடிக்கவும் செய்யாது. இதுதான் சப்ளிமேஷன். கிரிக்கெட், கபடி அணிச் சட்டைகள் பெரும்பாலும் இன்று இதுதான். இரண்டு நிபந்தனை: துணி பாலியெஸ்டராக இருக்க வேண்டும், வெள்ளை அல்லது மிக வெளிர் நிறமாக இருக்க வேண்டும். பருத்தியில் போட்டால் துவைக்கத் துவைக்கப் போய்விடும்.

கம்ப்யூட்டர் கைக்கு வந்த பிறகு

ஸ்கிரீனின் பலவீனம் ஒன்று: ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் செய்தாக வேண்டும். கணக்குக்காக ஒரு ஸ்கிரீனுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறத்துக்கு 1500. முந்நூறு சட்டைக்குப் பங்கிட்டால் சட்டைக்கு 5 ரூபாய், பத்துச் சட்டைக்குப் பங்கிட்டால் 150. குறைந்த எண்ணிக்கைக்காரர்களைப் பட்டறைகள் திருப்பி அனுப்பியது இதனால்தான்.

1990-களின் நடுவில் அமெரிக்காவில், காகிதத்தில் அடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டரைச் சட்டையில் நேரே அடிக்கும்படி மாற்றினார்கள். அதுதான் டிடிஜி. ஸ்கிரீன் வேண்டாம், ஒரே ஒரு சட்டையும் அடிக்கலாம், புகைப்படம் அப்படியே வரும். பருத்திக்கு ஏற்றது. அடர் நிறச் சட்டைக்கு முதலில் ஒரு கரைசல் தெளித்து, வெள்ளை அடித்து, பிறகு படம் அடிக்க வேண்டும். நேரம் பிடிக்கும், மை விலையும் அதிகம். ஆயிரம் சட்டைக்கு இது கட்டுப்படியாவது கடினம்.

சமீப வருடங்களில் தெருவுக்குத் தெரு வந்திருப்பது டிடிஎஃப். படத்தைப் பிளாஸ்டிக் ஃபிலிமில் தலைகீழாக அச்சிட்டு, மேலே ஒட்டும் பொடியைத் தூவி உருக்கி, சட்டையில் வைத்துச் சூட்டில் அழுத்தி ஃபிலிமை உரித்துவிடுவது. பருத்தி, பாலியெஸ்டர், கறுப்பு, வெள்ளை எதுவானாலும் கவலை இல்லை. அரை மணியில் கையில் கிடைக்கும். அதனால்தான் கடைக்காரர் முதலில் இதைச் சொல்கிறார். ஆனால் இதுவும் முழுக்க மேலே உட்காருவதுதான். சின்னச் சின்னமாக, இடைவெளி விட்ட எழுத்தாக இருந்தால் பரவாயில்லை. நெஞ்சை அடைத்த பெரிய சதுரமாகப் போட்டால் வியர்வை போக வழியில்லை, ஓரத்திலிருந்து உரியவும் வாய்ப்பு அதிகம்.

நொய்யலும் ஒரு கணக்கு கேட்கிறது

திருப்பூர்க்காரர்கள் இந்தக் கதையை ஆற்றை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. நொய்யல் கெட்டது முக்கியமாகச் சாயப் பட்டறை, சலவைப் பட்டறைக் கழிவால். 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது அந்தத் தண்ணீர்தான். கீழே இருந்த காடு தோட்டமும் கிணறும் என்ன ஆயின என்று அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓடலாம் என்ற நிலை வந்தது.

பிரிண்டிங்கின் பங்கு அதில் சிறியது. ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது. மிச்சப் பசையையும் ஸ்கிரீன் கழுவிய தண்ணீரையும் சாக்கடையில் விட்ட காலம் உண்டு. இன்று புது முறைகளைத் தண்ணீரே வேண்டாதவை என்று விளம்பரம் செய்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் டிடிஎஃப் உரித்த ஃபிலிமும் சப்ளிமேஷன் காகிதமும் குப்பையில்தான் சேர்கின்றன, பிளாஸ்டிசாலைத் துடைக்க ரசாயனம் வேண்டியிருக்கிறது. கழிவை ஒழுங்காக எடுக்கும் பட்டறையா என்று ஒரு வார்த்தை கேட்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வாங்குகிறவர் கேட்டால்தான் செய்கிறவர் மாறுவார். வெளிநாட்டுக்காரன் கேட்டு நாம் மாறியதைத்தான் மேலே பார்த்தோமே.

ஆகவே, எதைப் போடுவது?

நாலு கேள்வியைத் துணிக்கடைக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். துணி பருத்தியா, பாலியெஸ்டரா? எத்தனை சட்டை? படத்தில் எத்தனை நிறம்? போடுகிறவர் யார், எத்தனை நாள் போடுவார்?

பாதயாத்திரைக்கு மஞ்சள் பருத்திச் சட்டை, முதுகில் ஒரே நிறத்தில் ஊர்ப் பெயர், நூறுக்கு மேல் எண்ணிக்கை என்றால் பிக்மென்ட் ஸ்கிரீன் பிரிண்ட். மைல் கணக்கில் வெயிலில் நடக்கிற உடம்புக்கு அதுதான் காற்றோட்டம். சிக்கனமும் அதுவே.

கபடி, வாலிபால் அணிக்குப் பன்னிரண்டு சட்டை, ஆளுக்கொரு பெயர், எண் என்றால் வெள்ளைப் பாலியெஸ்டரில் சப்ளிமேஷன். பெயர் மாறினாலும் கூடுதல் செலவு இல்லை.

பழைய மாணவர்கள் கூட்டத்துக்கு முப்பது நாற்பது சட்டை, பள்ளிக் கட்டடத்தின் படம் வேண்டும் என்றால் பருத்தியில் டிடிஜி. பணம் கட்டுப்படியாகாவிட்டால் டிடிஎஃப், ஆனால் உள்ளங்கை அளவில் இடது நெஞ்சில் மட்டும்.

கறுப்புச் சட்டை, நிறைய எண்ணிக்கை, எழுத்து பளீரென்று தெரிய வேண்டும் என்றால் பிளாஸ்டிசால், தாலேட் இல்லாததாக. கறுப்பே வேண்டும், மிருதுவாகவும் வேண்டும் என்றால் டிஸ்சார்ஜ். அதற்குத் துணி வாங்கும்போதே டிஸ்சார்ஜ் ஆகுமா என்று கேட்டு வாங்க வேண்டும். கைக்குழந்தைக்கு என்றால் வெளிர் நிறத் துணியில் சின்னதாகப் பிக்மென்ட் பிரிண்ட். அது எதையும் வாயில் வைக்கும் வயசு.

எதைத் தேர்ந்தாலும், முழு எண்ணிக்கைக்கும் சொல்லும் முன் ஒரே ஒரு சட்டை அடித்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் விட்டு, உள்பக்கம் வெளியே திருப்பி மூன்று முறை துவைத்துக் காயப்போடுங்கள். பிறகு பிரிண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், ஓரத்தை நகத்தால் கிளறிப் பாருங்கள். கீறவில்லை, சாயம் ஒட்டவில்லை, உரியவில்லை என்றால் மறுநாள் காலையில் போய் மிச்சத்தையும் அடிக்கச் சொல்லிவிட்டு வரலாம்.